ஏழாம் அங்கத்தின் தழும்பு

நான் வேலை பார்த்த ஒப்பனை அறையில் இப்போது இருக்கும் பிள்ளை ஒருத்தி போன மாதம் தொலைபேசி எடுத்தாள். பழைய தொடர் ஒன்றின் ஏழாம் அங்கத்தை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

"அன்ரி, அதில ரவுடி ரத்தினத்தின்ர கழுத்தில ஒரு தழும்பு வருதெல்லே, அதைக் கிட்டப் பிடிச்சுக் காட்டியும் ஒரு பிழை கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு. அந்தக் காலத்தில சிலிக்கோனும் இல்லை. என்னத்தால செய்தனீங்கள்?"

"பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அது தொலைபேசியில் சொல்கிற சங்கதி இல்லை. சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் முகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என்னை 'பியூட்டிசியன்' என்று அறிமுகப்படுத்தும் சொந்தக்காரர்களோடு இன்றைக்கும் எனக்குக் கோபம். அழகாக்குவது என் வேலையின் கால்வாசிதான். மிச்சம் முழுக்க நோயாளி, கிழவன், பிணம், அடிவாங்கியவன். முதல் இரண்டு வருடமும் தூரிகை கழுவினேன், பஞ்சு பிய்த்தேன், வாய் திறக்காமல் நின்றேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தலைமை ஒப்பனைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெந்தளையில் இருந்து பஸ் ஏறி வருகிற சிங்களக் கத்தோலிக்கர். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகக் கதைப்பார். என்னை 'நங்கி' என்பார், தங்கச்சி என்று. வெள்ளைச் சேட்டின் கையை முழங்கை வரை மூன்று மடிப்பு மடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பார். நடிகர் கதிரையில் இருந்ததும் உடனே தொடமாட்டார். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். முகம் தன்பாட்டில் இளகும். பிறகுதான் விரல் படும்.

யாருடைய உடம்பைப் பற்றியும் அவர் ஒரு கேள்வி கேட்டதை நான் கண்டதில்லை. தலைமயிர் கொட்டியது ஏன், கண்ணுக்குக் கீழே கறுத்தது ஏன் என்று எதுவும் கேட்கமாட்டார். நான் ஒருமுறை ஒரு நடிகையிடம் வாய் கொடுத்துவிட்டேன். அவ போன பிறகு மெதுவாகச் சொன்னார். "நங்கி, முகம் நமக்கு வேலைக்குத் தாறாங்க. கதைய தரல்ல. கேக்காத."

அந்தத் தொடர் வெள்ளைக்காரன் காலத்துக் கொட்டாஞ்சேனையைப் பற்றியது. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற உரிமைக்காக இரண்டு கோஷ்டிகள் வெட்டிக்கொள்ளும் கதை. மேட்டுத் தெருக்காரர் ஒரு பக்கம், கடற்கரைத் தெருக்காரர் மறு பக்கம். கைவிடப்பட்ட ஒரு பண்டகசாலையையும் அதன் பின்னால் இருந்த சந்தையையும் எடுத்து, பழைய பெயர்ப்பலகை மாட்டி, மாட்டுவண்டி நிறுத்தி, விடிய முதல் தேங்காய்த் தும்பை எரித்துப் புகை போடுவார்கள். அந்தப் புகைக்குள் இடுப்பில் பெல்ட்டும் சாரமும் கட்டிய ரவுடிகள் பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதும். எனக்கு எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். வெள்ளவத்தை வீட்டில் இருந்து புறப்படும்போது அழித்த பொட்டை ஒப்பனைக் கண்ணாடிக்கு முன்னால் திரும்ப வைத்துக்கொள்வேன். கதையில் அது நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய காலைப்பொழுது, அங்கே பொட்டு வைத்த பெண்ணை யாரும் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கேள்வி கேட்பதில்லை. பின்னேரம் பஸ் ஏற முதல் மறுபடி அழிப்பேன். யுத்த காலத்தின் அந்த வருடங்களை இப்போது நினைத்தால் எல்லாமே அந்தத் தும்புப் புகைக்குள் நடந்தது போலத்தான் வருகிறது. யார் உண்மையாக அங்கே இருந்தார்கள், யாரைப் படத்தில் பார்த்தேன் என்றுகூடச் சில நேரம் தடுமாறுகிறேன்.

சிவநேசன் உண்மையாகவே இருந்தவன். யாழ்ப்பாணத்துப் பொடியன், வயது இருபத்தாறு இருக்கும். வெளிநாடு போவதற்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருக்க, சும்மா இருக்க ஏலாமல் கூட்டத்தில் நிற்க வந்தவன். ஆளைப் பார்த்ததும் டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. கண் சிமிட்டாமல் நிற்பான். அவனைக் கடற்கரைத் தெருக் கோஷ்டியில் ரத்தினமாக்கினார்.

முதல் நாள் கதிரையில் இருந்து சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றத் தயங்கினான். பிறகு என்னிடம் குனிந்து கதைத்தான்.

"அக்கா, கழுத்தில ஒரு தழும்பு கிடக்கு. ஆருக்கும் தெரியாம மறைச்சு விடுவியளோ?"

காதுக்குக் கீழே தொடங்கித் தோள் எலும்பு வரை இறங்கிய தழும்பு. நடுவில் பள்ளமாகவும் ஓரங்களில் தடித்தும் கிடந்தது. நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"மண்ணெண்ணெய்க்கு லைனில நிண்டனாங்கள். ஷெல் விழுந்தது. எனக்கு முன்னுக்கு நிண்ட மனிசன் அதிலயே செத்திட்டார்."

அந்த நாட்களில் உடம்பில் தழும்புள்ள தமிழ்ப் பொடியன் கொழும்பில் பிடிபட்டால் முதல் கேள்வி அந்தத் தழும்பிலேதான் தொடங்கும். எங்கே பட்டது, எந்தச் சண்டை, எந்த முகாம்? ஷெல் என்றால் நம்புவார்களா இல்லையா என்பது அன்றைக்கு அங்கே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மெழுகு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவன் கழுத்தை மூடுவது என் வேலையாயிற்று. ஸ்பிரிட்டால் துடைத்து, பள்ளத்தை மெழுகால் நிரப்பி, ஓரத்தை விரல் நுனியால் தேய்த்துக் காணாமல் பண்ணி, தோல் நிறத்தைத் தட்டி, பவுடர் போட்டால் ஆறு நிமிடம். மேலே ஒரு சால்வை.

ஆறாம் அங்கம் முடிந்தபோது டைரக்டருக்கு ஒரு யோசனை பிறந்தது. ரத்தினம் ஏன் எப்போதும் சால்வை போட்டிருக்கிறான்? ஏழாம் அங்கத்தில் கலியாண வீட்டில் இரண்டு கோஷ்டியும் சமாதானம் பேசக் கூடுகிறது. அங்கே ரத்தினம் எழுந்து சால்வையை அவிழ்க்கிறான். 'இதைச் செய்தவன் இந்தப் பந்தலுக்குள்ளதான் இருக்கிறான்' என்கிறான். கமரா தழும்பில் போய் நிற்கிறது. சமாதானம் குலைகிறது.

எங்கள் மூவரையும் பார்த்து டைரக்டர் கேட்டார். "நல்ல பெரிய வெட்டு ஒண்டு செய்ய ஏலுமோ?" சிவநேசன் நிலத்தைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்ததும் பயம் வந்ததும் ஒன்றாகத்தான்.

உண்மைத் தழும்பை மூடி அதற்கு மேல் பொய்த் தழும்பு கட்டினோம். உச்சி வெயில், தகரக் கூரை. முதல் தடவை மெழுகு மினுங்கியது. இரண்டாம் தடவை ஓரம் கிளம்பியது. மூன்றாம் தடவை அவன் உணர்ச்சியோடு தலையைத் திருப்ப, தழும்பு அப்படியே கழன்று சால்வையில் ஒட்டிக்கொண்டது. டைரக்டர் போட்ட சத்தத்தில் மாட்டுவண்டி மாடு எழும்பி நடந்தது.

சிவநேசன் மாஸ்டருக்கு மட்டும் கேட்கச் சொன்னான். "மாஸ்டர், அதைக் கழட்டுங்கோ. கீழ கிடக்கிறதையே காட்டுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

மாஸ்டர் டைரக்டர் நின்ற பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்பிரிட் பஞ்சை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தார். கமராவின் வெளிச்சத்தில் அந்தத் தழும்பு வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

"இதைத்தானே நான் காலமையில இருந்து கேக்கிறன்!" என்றார் டைரக்டர். "இவ்வளவு நல்லாச் செய்யத் தெரிஞ்சா ஏன் முதலே செய்யேல்லை?"

ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். எல்லோரும் கைதட்டி மாஸ்டரையும் என்னையும் பாராட்டினார்கள்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அவன் கழுத்தை மூடித்தான் வெளியே விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த காட்சிக்கு மணப்பெண் காத்திருந்தா. "கொஞ்சம் இரும் தம்பி, வாறன்" என்று போய்விட்டேன். அவனோ நாலு மணிக்கு முதல் லொட்ஜில் நிற்க வேண்டும், அன்றைக்குத் தங்கியிருப்பவர்களின் பதிவைப் பார்க்கப் பொலிஸ் வருகிறதாம். அவன் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, கொலரை இழுத்து மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியோடு நான் அரைமணி நேரம் மினக்கெட்டேன்.

மூன்று மணிபோல் பண்டகசாலையில் நாங்கள் கந்தோராக வைத்திருந்த அறையின் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் தயாரிப்பு முகாமையாளர். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தார். "எங்கட ரத்தினத்தைப் பொலிஸ் பிடிச்சிட்டுதாம். தழும்பைக் கண்டு பயந்திட்டினம். அது மேக்கப் எண்டு இவன் சொல்லியிருக்கிறான், தண்ணி போட்டுத் தேய்ச்சும் போகேல்லையாம். ஆள் அனுப்பிக் கழட்டிக் காட்டுறம் எண்டு சொல்லிட்டன். மாஸ்டர், ஒருக்காப் போயிட்டு வாங்கோவன்."

அவருக்கு அது பகிடி. அங்கே நின்ற எல்லோருக்கும் பகிடி. கழற்ற ஏலாத ஒன்றைக் கழற்றிக் காட்டப் போகிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

படப்பிடிப்பு வாகனத்தில் போகும்போது "என்னாலதான் மாஸ்டர், நான்தான் விட்டிட்டுப் போனனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மாஸ்டர் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினார். மெழுகைத் தன் உள்ளங்கையில் உருட்டி இளக்கினார். நாலு பஞ்சுத் துண்டுகளின் உள்பக்கத்தில் சிவப்பு மையும் மண்ணிறமும் தடவி மடித்து வைத்தார்.

"நங்கி, நான் அவங்களோட பேசுறன். நீ கழட்டு" என்றார்.

"எதைக் கழட்டுறது மாஸ்டர்?"

"நீ தினமும் என்ன செய்ற? அதையே செய். கழட்டுற மாதிரி செய்."

பொலிஸ் நிலையத்தில் அவனை யன்னல் ஓரம் ஒரு வாங்கில் இருத்தியிருந்தார்கள். தேய்த்த தேய்ப்பில் கழுத்து சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த நம்பிக்கையை நான் இன்னும் மறக்கவில்லை. இந்த அக்கா வந்துவிட்டா, இனிச் சரி என்கிற முகம். அது எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர். "மாஸ்டர், இது பெயின்ற்தானா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஐயா, நங்கி இப்போ காட்டுவா. ஐயா எங்கள் தொடர் பார்க்கிறீர்களா?" என்றார் மாஸ்டர். பார்க்கிறாராம். வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்களாம். மேட்டுத் தெருத் தலைவன் செத்துப்போவானா என்று கேட்டார். அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பாதபடி மாஸ்டர் கதிரையை அவருக்கு இடதுபக்கம் இழுத்துப் போட்டு, இருந்து, கதை சொல்லத் தொடங்கினார். வேலைக்கு வெளியே அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதேயில்லை.

நான் சிவநேசனின் தோளில் துவாயைப் போட்டேன். முதுகு யன்னலுக்கு, கழுத்து நிழலுக்கு. ஸ்பிரிட் போத்தலைத் திறந்ததும் மணம் அறை முழுக்கப் பரவியது. முதல் பஞ்சை மடிப்போடு தழும்பில் வைத்து அழுத்தி இழுத்தேன். சிவப்பு மை பஞ்சில் வந்தது. எல்லோரும் பார்க்கிற மாதிரி அதை மேசையில் இருந்த கடதாசியில் வைத்தேன். இரண்டாவது பஞ்சு, மண்ணிறம். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் ஒருவர் "ஆ, வருது வருது" என்றார். துவாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துடைப்பதுபோல விரலால் மெழுகைப் பள்ளத்தில் இறக்கினேன். பெருவிரல் மேலிருந்து கீழ், பிறகு ஓரம். மூன்றாவது பஞ்சு. நிறம் தட்டினேன். அவனுடைய நாடி என் விரலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. என் கை நடுங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. பண்டகசாலையின் புகைக்குள் நின்று வழக்கமான காலை வேலையைச் செய்கிற மாதிரி, சத்தங்கள் எல்லாம் தூரத்தில் கேட்டன. மேட்டுத் தெருத் தலைவன் மாஸ்டரின் வாயில் செத்துக்கொண்டிருந்தான். நாலாவது பஞ்சு. பவுடர். துவாயால் ஒற்றி எடுத்தேன்.

"முடிஞ்சுது சேர்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். யன்னல் பக்கம் திருப்பச் சொல்வாரோ, விரலால் தொடுவாரோ என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கடதாசியில் கிடந்த சிவந்த பஞ்சுகளைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்து, மாஸ்டரின் முதுகில் தட்டினார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். இனி எந்தச் சோதனைச் சாவடியிலும் இந்தத் தம்பிக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று, கழுத்தில் காணப்படும் தழும்பு தொலைக்காட்சி நாடகத்துக்கான ஒப்பனை என்று சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

கழற்றியாயிற்று என்று காட்டிய தழும்பு அதற்குப் பிறகு வெளியே தெரியவே கூடாது என்றாயிற்று. படப்பிடிப்பு இல்லாத நாளிலும் காலையில் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருவான். குசினி வாசலில் கதிரையைப் போட்டு ஆறு நிமிடம் வேலை செய்வேன். கடற்காற்று பவுடரைக் கொண்டுபோகும். ரயில் போகும். அவன் தன் தாயைப் பற்றிக் கதைப்பான், நான் மெழுகு உருட்டுவேன். இரண்டு மாதமோ மூன்று மாதமோ தெரியாது, ஒரே நீண்ட காலைப்பொழுதாகத்தான் அது என் நினைவில் இருக்கிறது. ஒருநாள் மூடிய கழுத்தோடு விமானம் ஏறினான். மெழுகு டப்பா ஒன்றை நான் கையில் கொடுத்துவிட்டேன்.

போன நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அகதி விண்ணப்பத்தில் ஷெல் விழுந்த கதையை எழுதி, கழுத்தைச் சாட்சியாகக் காட்டியிருக்கிறான். அவர்கள் அவனுடைய கடதாசிகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். யுத்த காலத்தில் முத்திரை குத்திய கடதாசி எதையும் எங்கள் ஆட்கள் எறிவதில்லை. பொலிஸ் பதிவு, லொட்ஜ் பதிவு, பாஸ் துண்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு நெஞ்சோடு கொண்டு திரிவோம். அவனும் உறையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான். இன்ஸ்பெக்டரின் கடிதமும் அதற்குள் இருந்தது. அவர்கள் அதை மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். தழும்பு பொய் என்று இலங்கைப் பொலிஸே எழுதிக் கொடுத்திருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடி. மேன்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

'அக்கா, அது உண்மையான தழும்பு எண்டு நீங்கள் சத்தியக் கடதாசி எழுதித் தர ஏலுமோ? உங்களுக்குக் கரைச்சல் எண்டால் வேண்டாம்' என்று எழுதியிருந்தான்.

கரைச்சல்தான். பொலிஸை ஏமாற்றினேன் என்று அவசரகாலச் சட்டம் இருந்த நாட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது விளையாட்டல்ல. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து, பிறகு எழுதினேன். மாஸ்டரிடம் காட்டத்தான் கொண்டுபோனேன், கையெழுத்துக் கேட்கவில்லை. அவருக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேனையை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

"மாஸ்டர், நீங்கள் அண்டைக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லையே" என்றேன்.

"அதான் நங்கி, உண்மையாவது சொல்ல வேணாமா?" என்றார்.

பதில் சட்டத்தரணி மூலம் வந்தது. சாட்சிகள் இருவரும் தொழில்முறையாகப் பொய்க் காயம் செய்பவர்கள், ஆகவே அவர்களின் சொல்லை ஏற்க முடியாது. வைத்தியப் பரிசோதனை நடக்கும். எங்கள் பொய்யைப் பொலிஸ் அரைமணி நேரத்தில் நம்பியது. உண்மையை எழுதிக் கொடுத்தால் இவர்கள் தொழிலைச் சொல்லி ஒதுக்கினார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கடலில் எறிந்திருப்பேன். மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு மாதம் சத்தமில்லை. ஒருநாள் மத்தியானம் காலி வீதியில் தொலைபேசி வசதி வைத்திருந்த கடைக்காரர் ஆள் அனுப்பினார், வெளிநாட்டு அழைப்பு, பத்து நிமிடத்தில் திரும்ப எடுப்பார்களாம். ஓடினேன்.

"அக்கா" என்றான். சிவநேசன்தான்.

"சொல்லும் தம்பி. என்னவாம்? அனுப்பப் போறாங்களோ?"

"டொக்ரர் அம்மா ஸ்பிரிட் போட்டு மெல்லமாத் துடைச்சவ அக்கா. எனக்குப் பொறுக்கேல்லை. பஞ்சைப் பறிச்சு நானே தேய்ச்சனான். நல்லா அழுத்தித் தேய்ச்சனான். ரத்தம் கசிஞ்சிட்டுது. அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சு, காணும் காணும் எண்டு அழுதிட்டுது."

"பிறகு?"

"போகேல்லை அக்கா" என்றான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. "எவ்வளவு தேய்ச்சும் போகேல்லை. இருக்க விட்டிட்டாங்கள்."

கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "போகாது தம்பி, அது போகாது" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.